பசுமை வீடும் மலிவு வீடும்: பண்டாரவளையை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

பசுமை வீடு என்னும் தொடர் தமிழுக்குப் புதியது. அது குறிக்கும் பொருள் புதியதன்று. மண்ணை மிதித்துச் சுவரெழுப்பி, ஓலையோ மானாப் புல்லோ வேய்ந்து, முற்றத்து மரத்தின் நிழலையும் கூரைச் சரிவின் காற்றையும் அறிந்து வீடு கட்டி வாழ்ந்த முன்னோர் தம் வீடுகளைப் பசுமை வீடுகள் என்று அழைத்துக்கொண்டாரல்லர். அவ்வாழ்வு கைநழுவிய பின்னரே அதற்கொரு பெயர் தேவைப்பட்டது. 1990ஆம் ஆண்டில் பிரித்தானியாவிலே ‘பிரீயம்’ என்ற கட்டிட மதிப்பீட்டு முறையும், அதன் பின்னர் அமெரிக்காவிலே ‘லீட்’ என்ற முறையும் தோன்றின. ஒரு கட்டிடம் எவ்வளவு மின்சாரத்தைச் செலவிடுகின்றது, எவ்வளவு நீரைப் பயன்படுத்துகின்றது, அதன் சுவருக்கும் கூரைக்கும் எவ்வளவு எரிபொருள் எரிக்கப்பட்டது என்பன புள்ளிகளாக எண்ணப்படலாயின. இலங்கையிலும் பசுமைக் கட்டிட மன்றம் ஒன்று அமைந்து தனக்கென ஒரு மதிப்பீட்டு முறையை வகுத்துள்ளது.

இவ்வளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு ஊவாவின் தேயிலைத் தோட்டமொன்றுக்குச் செல்லும் ஒருவர் வியப்புக்குரிய முடிவொன்றினை எய்துதல் கூடும். 10 அடிக்கு 12 அடி என்ற அளவினதான லயன் காம்பரா ஒன்றிலே ஐவரோ அறுவரோ வாழ்கின்றனர். எரிவன ஓரிரு மின்குமிழ்கள். நீர் பீலியிலிருந்து குடத்தில் வருகின்றது, ஆதலின் வீணாவதில்லை. இரு புறமும் அயற்காம்பராக்களின் சுவர்களாதலின் கட்டிடப் பொருட் செலவு மிகக் குறைவு. வாகனமில்லை, குளிரூட்டியில்லை, எறிவதற்கு மிச்சமுமில்லை. ஆளொருவருக்கு இவ்வளவு நிலம், இவ்வளவு சீமெந்து, இவ்வளவு எரிபொருள் என்று கணக்கிடின், ஐரோப்பியத் தலைநகரொன்றில் பரிசு பெற்ற பசுமை மாளிகை இக்காம்பராவின் அருகே நிற்கவும் இயலாது.

எண்கள் பொய்யுரைக்கவில்லை. ஆயினும் முடிவு மனச்சான்றை உறுத்துகின்றது. லயத்தைப் பசுமையான வாழ்வின் எடுத்துக்காட்டாகக் கூற நாணம் தடுக்கின்றதாயின், அந்நாணத்திற்கு ஒரு காரணம் இருத்தல் வேண்டும். அளவுகோல் எதனைக் காணத் தவறிற்று என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

திருக்குறளின் அமைப்பு இதற்கு ஒரு வழிகாட்டுகின்றது. துறவு அறத்துப்பாலிலே பேசப்படுகின்றது. நல்குரவு பொருட்பாலிலே பேசப்படுகின்றது. இரண்டிலும் மனிதன் உடைமையின்றி நிற்கின்றான். வெளித்தோற்றத்தை மட்டும் கண்ட ஒருவனுக்கு இருவரும் ஒருவரே. ஆயின் ஒருவன் விட்டவன், மற்றவன் விடப்பட்டவன். சிக்கனமும் அவ்வாறானதே. தெரிந்து குறைத்துக்கொள்வது ஒழுக்கம். குறைக்கப்பட்டுக் கிடப்பது துன்பம். லயத்தின் குறைந்த நுகர்வு அங்கு வாழ்வோரின் தெரிவன்று. 19ஆம் நூற்றாண்டின் கோப்பித் துரைமாரும் அவர்க்குப் பின் வந்த தேயிலைக் கம்பனிகளும் ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு இடம் போதும் என்று தீர்மானித்ததன் எச்சம் அது. மேலும், விறகடுப்பின் புகை அச்சிறு அறையிலே பெண்களின் நுரையீரலைத் தாக்குவது எந்தப் பசுமைப் புள்ளியிலும் கழிக்கப்படுவதில்லை. இயற்கைக்கு ஏற்படும் சேதத்தை அளக்கும் கருவி, மனிதனை இயற்கையின் ஒரு பகுதியாகக் கருத மறந்துவிடுகின்றது.

இவ்வினாவைப் பண்டாரவளையிலே வைத்து நோக்குவதற்குக் காரணமுண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் அமைந்த இந்நகருக்குப் புகையிரதம் 1894இல் வந்தது. அங்கிருந்து பதுளையை எட்ட 1924 வரை முப்பது ஆண்டுகள் பிடித்தன. இடைப்பட்ட காலத்திலே ஊவாத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் ஏறும் இடமாகவும், துரைமார் இளைப்பாறும் இடமாகவும் நகர் வளர்ந்தது. இன்று அது மாநகர சபையைக் கொண்ட நகர். வணிகர், ஆசிரியர், ஓய்வுபெற்ற அரச ஊழியர் முதலியோரின் வீடுகள் குன்றுகளின் மீது நெருங்கி நிற்கின்றன. தட்பவெப்பத்தை நாடிக் கொழும்பிலிருந்து வருவோர் விடுமுறை இல்லங்களைக் கட்டுகின்றனர். நகரின் எல்லையைக் கடந்தவுடன் ஐஸ்லபியும், அப்பால் பூனாகலையும் போன்ற தோட்டங்கள் தொடங்குகின்றன. அங்கே பிறந்த இளைஞர் பலர் கொழுந்துக் கூடையை விட்டு நகரின் கடைகளிலும் பணிமனைகளிலும் தொழில் புரிகின்றனர். பொழுது சாய்ந்ததும் லயத்துக்கே திரும்புகின்றனர். நகரிலே ஒரு காணித் துண்டின் விலை அவர்களின் பல்லாண்டு ஊதியத்தையும் விஞ்சி நிற்பதே காரணம். எனவே, ஏற்கெனவே வேரூன்றிய நகரக் குடியிருப்பொன்றின் நடுவே மலிவானதும் பசுமையானதுமான வீடுகளைக் கட்டுதல் இயலுமா என்ற வினா, உலகின் வேறெந்நகரிலும் கட்டிடக் கலைஞரின் வினாவாக இருப்பினும், பண்டாரவளையிலே நீதியின் வினாவாகின்றது.

மலிவு என்னும் சொல்லை முதலிற் சோதித்தல் வேண்டும். ஒரு பொருள் மலிவாகக் கிடைக்கின்றதெனில் இரண்டிலொன்று நிகழ்ந்திருக்க வேண்டும். அதன் ஆக்கத்திலே உழைப்பும் பொருளும் உண்மையாகவே மிச்சப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். அன்றேல், விலையின் ஒரு பகுதியை வாங்குபவனல்லாத வேறொருவன் செலுத்தியிருக்க வேண்டும். சந்தை இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. விலைச்சீட்டில் இரண்டும் ஒரே எண்ணாகவே எழுதப்படுகின்றன. இலண்டன் மாநகரத்துத் தொழிலாளியின் மேசைக்குத் தேநீர் மலிவாக வந்தமைக்கு லயன் காம்பராவின் 120 சதுர அடியும் ஒரு காரணம் என்பதை அத்தொழிலாளி அறிந்திருக்க நியாயமில்லை.

பசுமைக்கும் இதுவே நியாயம். பண்டாரவளை மக்கள் இதனை நூல்களிற் படித்து அறிந்தாரல்லர். தம் கிணறுகளிலே கண்டறிந்தனர். உமாஓயாப் பல்நோக்குத் திட்டத்தின் பொருட்டு ஈரானிய நிறுவனமொன்றின் துணையுடன் இம்மலைகளுக்கு அடியிலே நீண்ட சுரங்கம் அகழப்பட்டது. 2014ஆம் ஆண்டின் இறுதியில் சுரங்கத்தினுள் நிலத்தடி நீர் பெருக்கெடுத்தது. மேலே கிணறுகளும் ஊற்றுக்களும் வற்றின. நிலம் தாழ்ந்த இடங்களில் வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் பண்டாரவளை வீதிகளிலே திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். திட்டம் 2024 ஏப்பிரலில் திறந்துவைக்கப்பட்டது. 120 மெகாவாற்று மின்சாரம் அதன் கொள்திறன். நிலக்கரி எரிக்காது பெறப்படும் அம்மின்சாரம் பசுமை மின்சாரம் என்பதில் ஐயமில்லை. தென்கீழ்ப் புறத்து வரண்ட வயல்களுக்கு நீர் செல்வதும் நன்மையே. ஆயினும் வெடித்த சுவரின் முன்னே நிற்கும் ஒருவருக்கு அந்த நன்மையின் விலைச்சீட்டு எவர் கையில் தரப்பட்டது என்று வினவ உரிமையுண்டு. பசுமை என்பது சேதமின்மையன்று. பல வேளைகளில் அது சேதத்தை இடம் மாற்றுதலே.

கூரையின் கதை இதனினும் விசித்திரமானது. மலையகத்தின் பழைய தகரக் கூரைகள் துருப்பிடித்த இடங்களிலெல்லாம் அஸ்பெஸ்டஸ் தகடுகள் ஏறின. மலிவு, இலேசு, தகரத்தைப் போல மழையிலே இரையாதது என்பன அதன் நற்குணங்கள். அதன் தூசி நுரையீரலிலே புற்றுநோயை விளைவிக்கும் என்பது மருத்துவ உலகம் ஐயமற அறிந்த உண்மை. பற்பல நாடுகள் அதனை முற்றாக விலக்கிவிட்டன. இலங்கையும் 2018 முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த முற்பட்டது. 2017 டிசெம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் ஒரு வண்டு காணப்பட்டதென்று கூறி உருசியா தேயிலை இறக்குமதியை நிறுத்திற்று. உருசியாவே அஸ்பெஸ்டஸை ஏற்றுமதி செய்யும் முதன்மை நாடு. சில நாட்களுக்குள் கொழும்பு தனது கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. உருசியாவும் தேயிலைத் தடையை நீக்கிற்று. வண்டுக்கும் கூரைக்கும் இருந்த உறவை அரசுகள் எழுதிவைக்கவில்லை. எனினும் கொழுந்து பறிக்கும் கையின் உழைப்பு விலைபோகும் பொருட்டு, அக்கைக்குரியவள் உறங்கும் கூரை நஞ்சாகவே இருக்கலாம் என்ற கணக்கு எங்கோ ஒரு மேசையில் முடிந்திருந்தது என்று எண்ணுவதற்கு இடமுண்டு.

நிலத்தின் மலிவு இன்னும் கொடிது. மலைநாட்டில் விலை குறைந்த காணி யாதெனின், பெரும்பாலும் வேறெவரும் கட்டத் துணியாத காணியே. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் ஏன் வெளியேறவில்லை என்று பின்னர் வினவியோர் பலர். எங்கே வெளியேறுவது என்பதற்கு விடை கூறியோர் சிலர். காணியில்லாதவனுக்கு எச்சரிக்கை ஓர் அறிவித்தலேயன்றி வழியாகாது. உயிர் தப்பியோரிற் பலர் மாக்கல்தெனியவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டிடத்தில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் தங்கியிருந்து, 2016இலேயே புதிய வீடுகளைப் பெற்றனர். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மீண்டும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய ‘டித்வா’ சூறாவளியின் மழை நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, பதுளை மாவட்டம் மிகுந்த இழப்புற்ற மாவட்டங்களுள் ஒன்றாயிற்று.

1990 முதல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் தொடங்கி மண்சரிவு அபாய வரைபடங்கள் ஆக்கப்பட்டு வந்துள்ளன. அறிவு இருந்தது. அறிவின்படி நடப்பதற்கு வேண்டிய நிலம் வேறொருவர் பெயரில் இருந்தது. பசுமை வீட்டின் முதல் இலக்கணம் சூரியத் தகடோ மழைநீர்த் தொட்டியோ அன்று. சரியாத நிலத்தில் நிற்பதே. அத்தகைய நிலம் ஊவா மலைகளில் இரு இடங்களிலேயே மிகுதி: நன்கு விளையும் தேயிலைக் காணியில் ஒன்று, நகரத்தில் மற்றொன்று.

இங்கேதான் உரிமை பற்றிய ஆய்வு இன்றியமையாததாகின்றது. ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சொத்துரிமைக்குக் கூறிய நியாயம் யாவரும் அறிந்தது: எவருக்கும் உரியதல்லாத நிலத்தோடு ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அந்நிலம் அவனுடையதாகின்றது, பிறருக்கும் போதியளவு எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. இக்கோட்பாட்டைக் கொண்டே ஆங்கிலேயர் உலகின் பல பாகங்களிலே நிலங்களைக் கைக்கொண்டனர். ஊவாவின் சரிவுகளிலே காடு வெட்டி, கல்லுடைத்து, வாய்க்கால் வெட்டி, ஐந்தாறு தலைமுறையாக உழைப்பைக் கலந்தோர் எவர் என்று கேட்டால் விடை ஐயத்திற்கிடமற்றது. ஆயினும் அவர்களுக்கு அந்நியாயம் பொருந்தவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1964இன் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்குமிடையே பங்கிட்டது. எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கல் 2003இன் சட்டத்தோடுதான் தீர்ந்தது. இதனிடையே 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. காணி கைமாறிய ஒவ்வொரு தருணத்திலும் அதன்மேல் வாழ்ந்தோர் காணியோடு சேர்ந்து கைமாறினரேயன்றிக் காணியைப் பெற்றாரல்லர். பிரதேச சபைகள் தம் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தடையின்றிச் செலவிடுவதற்கே 2018இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

(தமிழிலே ‘இல்’ என்பது வீட்டையும் குறிக்கும், இன்மையையும் குறிக்கும். மொழியிலாளர் இவ்விரண்டின் வேரும் வெவ்வேறென்பர். மலையகத்தின் வரலாற்றைக் கற்பவருக்கு அவ்வாறு நம்புதல் சற்றுக் கடினமே.)

உரிமைக்கும் பசுமைக்கும் யாது தொடர்பு என்று ஒருவர் வினவலாம். பலாக் கன்று ஒன்றை எடுத்துக்கொள்வோர் இத்தொடர்பை எளிதில் உணர்வர். அது காய்ப்பதற்குச் சில ஆண்டுகள் செல்லும். நிழல் தரும் பெருமரமாக ஒரு தலைமுறை செல்லும். நாளை வெளியேற்றப்படக் கூடியவன் அதனை நட மாட்டான். நடுவதற்கு அனுமதியும் பெறமாட்டான். மழைநீர்த் தொட்டி, சரிவைத் தாங்கும் கல்லணை, தடித்த சுவர் ஆகிய யாவும் இன்று செலவிட்டுப் பல்லாண்டு பயன் பெறுவன. வருங்காலத்தை நம்பக் காரணமுள்ளவனே அவற்றைச் செய்வான். ‘தோட்ட மக்கள் சுற்றாடலைப் பேணுவதில்லை’ என்று குறைகூறுவோர், பேணுவதற்குரிய உறுதியை அவர் கையில் எவரும் கொடுக்கவில்லை என்பதை மறந்துவிடுகின்றனர்.

அவ்வுறுதி மெல்ல வரத் தொடங்கியுள்ளது. குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் காணி என்பது அண்மைக்காலக் கொள்கை. இந்திய உதவியின் கீழ் முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டதன்படி மேலும் 10,000 வீடுகளும் திட்டமிடப்பட்டன. வீடொன்று 550 சதுர அடி. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையிலேயே நிகழ்ந்த வைபவமொன்றில் 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைக்கான ஆவணங்கள் வழங்கப்பட்டன. இவ்வெண்கள் தேவையோடு ஒப்பிடச் சிறியன. ஆயினும் 120 சதுர அடியிலிருந்து 550 சதுர அடிக்குச் செல்லும் குடும்பமொன்றின் நோக்கிலே அவை சிறியன அல்ல. பசுமை அளவுகோல் இதனை நுகர்வு அதிகரிப்பு என்று பதிவுசெய்யும். அவ்வாறு பதிவுசெய்வதில் தவறில்லை. அவ்வதிகரிப்பு நியாயமானது என்று கூறத் தெரியாத அளவுகோலிலேயே குறையுள்ளது. விடுமுறைக்கு மட்டும் திறக்கப்படும் இல்லத்தின் ஐந்தாவது அறையும், ஆறுபேர் உறங்கும் வீட்டின் இரண்டாவது அறையும் ஒரே நிறையுடையன அல்ல.

இவ்வீடுகள் பெரும்பாலும் தோட்டங்களின் உள்ளேயே எழுகின்றன. நகரத்திலே அவற்றுக்கு இடமில்லையா என்ற வினாவைப் பலர் கேட்பதேயில்லை. நகரத்திலே தொழில் புரிவோருக்கு நகரத்திலே வீடு இருப்பின் நாள்தோறும் பேருந்திலும் முச்சக்கர வண்டியிலும் கழியும் எரிபொருளும் நேரமும் மிச்சம். பாடசாலையும் மருத்துவமனையும் நடக்கும் தூரத்தில். புதிய பாதைக்காக மலையை வெட்ட வேண்டியதில்லை. வேரூன்றிய குடியிருப்பின் நடுவே, வெறுமையாய்க் கிடக்கும் துண்டுகளிலே கட்டுதல் இயற்கைக்கும் இலாபம், வாழ்வோருக்கும் இலாபம். அவ்வாறிருந்தும் தடை எங்கிருந்து எழுகின்றது?

அயலவரிடமிருந்தே பெரும்பாலும் எழும். அவர்களின் மறுப்பை முழுவதும் சாதிப்பற்றென்றோ வர்க்கச் செருக்கென்றோ ஒதுக்குதல் நீதியன்று. கிணறு வற்றிய அனுபவமுள்ள நகரத்தார், மேலும் பத்துக் குடும்பங்கள் வந்தால் நீருக்கு என்ன நேரும் என்று அஞ்சுவது இயல்பு. மேலே கட்டும் வீட்டின் கழிவுநீரும் மழைநீரும் கீழே இருப்பவரின் சுவரைத் தள்ளும் என்பது மலைநாட்டிலே கற்பனையன்று. இவ்வச்சங்களுக்கு விடை கூறுதல் கட்டுவோரின் கடமை. ஆயின் மறுப்பின் மற்றொரு பகுதி வேறு வகைத்து. லயத்து மக்கள் அயலில் வந்தால் தம் காணியின் மதிப்புக் குறையும் என்பது உரக்கச் சொல்லப்படாத நியாயம். அதே நகரத்தில் விடுமுறை விடுதியொன்று ஐம்பது பேருக்கு நீர் இறைக்கும்போது எழாத அச்சம், பத்துக் குடும்பங்களின் பேரில் மட்டும் எழுமாயின், அது நீரைப் பற்றிய அச்சமன்று. தண்ணீரின் பெயரால் அயலாரைத் தள்ளிவைக்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதுமன்று.

பிரெடரிக் ஏங்கல்ஸ் 1872இல் வீட்டுப் பிரச்சினை குறித்து எழுதியபோது, நகரத்து உடைமையாளர் சேரிகளை ஒழிப்பதாகக் கூறி உண்மையிலே அவற்றை வேறிடத்துக்குத் தள்ளிவிடுவதே வழக்கம் என்று சுட்டிக்காட்டினார். நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னரும் அக்கூற்றைப் பொய்யாக்கிய நகரங்கள் சிலவே. சிலி நாட்டின் இக்கிக்கே நகரிலே அத்தகைய முயற்சியொன்று நிகழ்ந்தது. நகரின் நடுவே அரை ஹெக்டேயர் நிலத்திலே 100 குடும்பங்கள் முப்பதாண்டுகளாக உரிமையின்றி வாழ்ந்தன. அரச மானியம் குடும்பமொன்றுக்கு 7,500 டொலர். நகர நிலத்தின் விலையோ வழமையான ஏழையர் வீட்டுத் திட்டங்கள் தாங்கக்கூடியதன் மும்மடங்கு. இலகுவான வழி அவர்களை நகருக்கு வெளியே அனுப்புவது. அலெஹாந்திரோ அரவேனாவும் அவருடைய குழுவினரும் 2003 - 2004இல் வேறொன்று செய்தனர். நிலத்தை விட்டுக்கொடாது, வீட்டைப் பாதியாகக் கட்டினர். குடும்பத்தினர் தாமாகச் செய்தற்கரிய பகுதிகளான அத்திவாரம், குளியலறை, சமையலறை, படிக்கட்டு, உறுதியான சட்டகம் ஆகியன தரப்பட்டன. மற்றப் பாதி வெற்றிடமாக விடப்பட்டுக் காலப்போக்கில் அவரவர் கையால் நிரப்பப்பட்டது.

மலையகத்தார் இதனைக் கேட்டு வியப்படையார். லயத்தின் இஸ்தோப்பை மறைத்து அறையாக்கியதும், கோடிப்புறத்திலே தகரத்தால் சமையலறை நீட்டியதும் அவர்கள் தலைமுறைகளாகச் செய்து வந்ததே. வேறுபாடு ஒன்றுதான்: அங்கே அது திட்டத்தின் பகுதி, இங்கே அது நிர்வாகத்தின் கண்ணிலே குற்றம்.

இலங்கையிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. கண்டிக்கு அண்மையில் வட்டப்புளுவ என்னுமிடத்தில் 1950களின் பிற்பகுதியில் அரச ஊழியருக்கான வீடமைப்புத் திட்டத்தை வகுத்த மினெட் டி சில்வா, குடியேறவிருந்த குடும்பங்களின் தேவைகளையும் பழக்கவழக்கங்களையும் கேட்டறிந்த பின்னரே வீடுகளை வரைந்தார். மலையின் வளைவுகளை வெட்டிச் சமப்படுத்தாது அவற்றோடு இயைந்து கட்டினார். குடியிருப்போனைக் கேட்டல் என்பது நற்பண்பு மட்டுமன்று, பொறியியலும் ஆகும் என்பதற்கு அது சான்று. வெந்நீர் வைக்கும் இடம், விறகு உலர்த்தும் இடம், சாமிப்படம் வைக்கும் மாடம், சாவு வீட்டிலே உறவினர் கூடும் வெளி ஆகியவற்றை எந்த வரைபடமும் தானாக அறியாது.

பொருளைப் பொறுத்தவரை, பசுமையும் மலிவும் ஒன்றோடொன்று பகையல்ல என்பதே ஆய்வுகளின் பெறுபேறு. உலகின் கரியமிலவாயு வெளியேற்றத்திலே ஏழெட்டு வீதம் சீமெந்து உற்பத்தியாலேயே நிகழ்கின்றது; ஏழையின் வீட்டுச் செலவிலும் சீமெந்தே பெரும்பங்கு. மண்ணோடு சிறிதளவு சீமெந்து சேர்த்து அச்சிலிட்டு அழுத்திச் செய்யப்படும் மண்கற்களுக்குச் சூளையும் விறகும் வேண்டுவதில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இவற்றின் உறுதி குறித்து நெடுங்காலம் ஆராயப்பட்டுள்ளது. சரிவிலே வீடு கட்டும்போது தளத்துக்காக வெட்டப்படும் மண் வழமையாகக் கீழ்ச்சரிவிலே கொட்டப்பட்டு மழைக்காலத்தில் அயலவருக்குக் கேடாகின்றது. அதுவே கல்லாக மாறுமாயின், செலவும் குறைகின்றது, கேடும் குறைகின்றது.

நீரைப் பற்றிய அயலவரின் அச்சத்துக்கும் கணக்கிலேயே விடையுண்டு. 550 சதுர அடிக் கூரை ஏறத்தாழ 51 சதுர மீற்றர். ஆண்டு மழை 1,500 மில்லிமீற்றர் என்று கொண்டால் அக்கூரையில் விழுவது 76,500 லீற்றர். ஐந்திலொன்று வீணாகுமெனினும் நாளொன்றுக்குச் சராசரி 165 லீற்றருக்கு மேல் மிஞ்சும். ஆனி முதல் ஆவணி வரையான வரட்சியில் அது போதாது. ஏனைய மாதங்களில் கிணற்றின் சுமையை அது பெரிதும் குறைக்கும். கூரையில் விழும் நீரைத் தேக்குவதால் கீழ்ச்சரிவுக்குப் பாயும் வெள்ளமும் தணியும். 1995இலேயே பதுளை, மாத்தறை மாவட்டங்களில் உலக வங்கி உதவியோடு 5,000 லீற்றர் மழைநீர்த் தொட்டிகள் அறிமுகமாயின. 2007இல் நகரப் பகுதிகளின் புதிய கட்டிடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு சட்டத்தாலும் வற்புறுத்தப்பட்டது. சட்டம் உண்டு, நகரத்தின் பழைய குடியிருப்பாளர் தம் கூரைகளிலும் அதனைச் செய்துவிட்டுப் புதியவரிடம் வினா எழுப்புவாராயின் விவாதம் இன்னும் நேர்மையுடையதாகும்.

ஆயின் எல்லாவற்றிலும் கடினமான இடையூறு செலவிலோ நீரிலோ இல்லை. மண்கல் வீட்டை முன்வைக்கும்போது, ‘எங்களுக்கு மண் வீடா?’ என்று கேட்கப்படுகின்றது. இக்கேள்வியை அறியாமை என்று சிரித்தொதுக்கும் படித்தவர், தாம் வாழும் வீட்டின் சுவரைத் திரும்பிப் பார்த்தல் நன்று. நூற்றைம்பது ஆண்டுகள் பிறரால் தீர்மானிக்கப்பட்ட சுவருக்குள் வாழ்ந்த ஒருவருக்கு, கொங்கிறீற்றுத் தூண் என்பது பொறியியற் பொருளன்று; இனித் தன்னை எவரும் பெயர்க்க முடியாது என்பதன் அடையாளம். அவரிடம் சென்று, உலகம் சூடேறுகின்றது, ஆதலால் தூணை விடுக என்று கூறுவோர் முதலில் அவ்வுலகை எவர் சூடேற்றினர் என்பதையும் கூற வேண்டியவராவர். பசுமையின் பாரம் மிகக் குறைவாக நுகர்ந்தோரின் வீட்டிலிருந்து தொடங்குவதற்கு எந்த அறநூலிலும் ஆதாரமில்லை.

இதற்கு விடை காண முயன்றவர்களுள் லாரி பேக்கர் ஒருவர். இங்கிலாந்திலே பிறந்து கேரளத்திலே வாழ்ந்து 2007இல் மறைந்த அவர், செங்கற்களை இடைவெளிவிட்டு அடுக்கும் முறையால் நாலிலொரு பங்கு கற்களை மிச்சப்படுத்தினார். சாந்து பூசாச் சுவர்களையும், பழைய ஓடுகளைப் பொதிந்த கூரைகளையும் கட்டினார். மீனவர்க்கும் ஏழையர்க்கும் அவர் கட்டிய அதே முறையிலேதான் திருவனந்தபுரத்தில் தமது இல்லத்தையும் கட்டி வாழ்ந்தார். கல்வி நிறுவனங்களையும் நடுத்தர வகுப்பினரின் வீடுகளையும் அவ்வாறே கட்டினார். பூசாச் செங்கற் சுவர் அங்கே வறுமையின் அடையாளமாக நில்லாமல் ஒருவகை அழகாகவே மாறிற்று. ஏழைக்கென்று தனியாக ஒரு பொருளை வகுக்காமையே அவரது வெற்றியின் இரகசியம் எனலாம். பண்டாரவளையில் மண்கல் வீட்டை முதலிற் கட்ட வேண்டியவர் வங்கி முகாமையாளரும் பாடசாலை அதிபரும் மாநகர சபையும் என்று கூறின் அது நகைச்சுவையாகத் தோன்றலாம். மாநகர சபை நூலகமொன்றையோ வாசிகசாலையையோ அம்முறையிலே கட்டுதல் பெருஞ் செலவன்று.

7 பேர்ச் என்பது 1,905 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு போக எஞ்சுவது ஏறத்தாழ 1,350 சதுர அடி. பாதையும் வடிகானும் மலக்குழியும் அதிலே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்திலே என்ன செய்வதென்று இதுவரை எவரும் அவர்களைக் கேட்டதில்லை. ஒருவர் போஞ்சிக் கொடி போடுவார். ஒருவர் மகனுக்கு அறையெடுப்பார். ஒருவர் பசு மாடு கட்டுவார், அயலவரும் முறையிடுவர். கொழுந்தெடுத்த கையால் அங்கே ஒரு பலாக் கன்றும் நடப்படலாம். அந்தக் கையின் பெயரும் கணவனின் பெயரோடு காணியுறுதியிலே எழுதப்பட்டிருக்குமா என்பது, உறுதி எழுதும் அலுவலகங்களில் இன்று கேட்கப்பட வேண்டிய கேள்வி.